வளர்ந்து வா

செப்டம்பர் 16

தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. மாதம் பாதி ஓடிவிட்டது, குளிர்கிற வழியைக் காணோம்.

ஹருனோ அக்காவும் நானும் இன்று குரோசேக் குடாவில் இறங்கினோம். சிப்பி எடுக்க அல்ல. மூன்று வருடத்துக்கு இங்கே யாரும் எதையும் எடுப்பதில்லை என்று முக்குளிக்கிற பெண்கள் நாங்களே கையைத் தூக்கி மூடிவைத்த குடா. பாசியைத் தின்கிற கடல் முள்ளெலிகளை உடைக்க இறங்கினோம். உளியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு, நகர்ந்து இன்னொரு தட்டு. இந்த வயதிலும் அக்கா என்னைவிட அதிகம் உடைக்கிறாள். "செத்துப்போன வீட்டுக்காரர் முகத்த நினைச்சுக்கறேன் மிட்சுயோ, கை தானா ஓடுது" என்கிறாள்.

கஜிமே பாசி முழங்கால் உயரம் வந்துவிட்டது. போன குளிர்காலத்தில் விதைத்தது. பக்கத்து ஊர்க்காரர்களிடம் முற்றின பாசி இலைகளைக் கேட்டு வாங்கி, வலைப்பையில் கல்லோடு கட்டி இறக்கினோம். வருடக்கணக்காகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்த பாறையில் இப்போது பழுப்பு இலைகள் அசைகின்றன. மூச்சு முடிகிறவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை கெட்டது, கெடட்டும்.

மார்ச் மாத மீனவர் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் காட்ட வேண்டும். இல்லையென்றால் குடாவுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிப் படகு நிறுத்துகிற இடமாக்கிவிடுவார்கள். வரைபடம்கூட வந்துவிட்டதாம். வரட்டும். நான் இருக்கிறவரை நடக்காது.

செப்டம்பர் 21

கடல் கொந்தளிப்பு. இறங்கவில்லை. முக்குளிப்பு உடுப்பின் முழங்கால் கிழிசலை ஒட்டினேன்.

செப்டம்பர் 27

சுமியே வீட்டு வழியாகப் போனேன். சுற்றிப் போயிருக்கலாம்.

முப்பது வருடம் அவள் பிடித்துத் தொங்கி மூச்சு வாங்கின மிதவைத் தொட்டி. அதில் மண்ணைக் கொட்டி வெங்காயத்தாள் நட்டு வாசலில் வைத்திருக்கிறாள். செழிப்பாக நிற்கிறது.

"நல்லா வந்திருக்கே" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

"உன் பாறையில வர்றதவிட நல்லாத்தான் வருது."

"இப்ப வந்து பாருடி. முழங்கால் உசரம் நிக்குது."

"எனக்கு எங்க நேரம்? மேல விடுதியில பாத்திரம் மலை மாதிரி கெடக்குது."

சுமியேவுக்கு வெளிக்கடல் ஆழம் காதுக்கு ஆகாது. குரோசே ஒன்றுதான் அவளுக்குப் பிழைப்பாக இருந்தது. அதை மூடலாம் என்று கூட்டத்தில் பேசினவள் நான். "நீ சொன்னேன்னுதான் கையத் தூக்கினேன்" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஒரு தடவை போதாதா? மூன்று பேராக இருந்தோம், இப்போது இரண்டு பேர். அந்தத் தொட்டியிலிருந்து அவளே மண்ணை வாரிக் கொட்டுகிற நாளைப் பார்க்காமல் நான் ஓயமாட்டேன்.

அக்டோபர் 9

போச்சு.

எல்லாம் போச்சு.

அக்டோபர் 10

நேற்று எழுத உட்கார்ந்து முடியவில்லை.

நான்கு நாள் அலை அடங்காமல் நேற்றுத்தான் இறங்கினோம். கஜிமே இல்லை. தண்டு இருக்கிறது, இலை இல்லை. பாறை முழுக்க வெறும் குச்சிகள். முதலில் இடம் மாறி இறங்கிவிட்டோம் என்றே நினைத்தேன். மேலே வந்து கரையைப் பார்த்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். அதே இடம்தான். அதே குச்சிகள்தான்.

முக்குளித்து வந்து குளிர் காய்கிற தீக்குடிலில் அக்கா நெருப்பு மூட்டினாள். அவள் சுட்ட கிழங்கை என் கையில் வைத்தாள். தின்றேனா என்று நினைவில்லை. ஏன்? என்ன தப்பு செஞ்சோம்? முள்ளெலிய ஒண்ணு விடாம ஒடச்சோமே. அலை பிச்சிருந்தா தண்டோட போயிருக்கணுமே. இலைய மட்டும் யாரு வந்து அறுத்தது?

அக்டோபர் 13

மாகாணக் கடலாய்வு நிலையத்திலிருந்து ஹோஷினா வந்தாள். விதைப்பை கட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ஒரு தண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மேல் நுனியில் பிறை பிறையாக வெட்டு.

"இது முள்ளெலி இல்லீங்க. மீன் கடி."

"மீனா? எங்க கடல்ல அப்படி மீன் கிடையாது."

"தண்ணி சூடானதுல அது குளிர்காலம் வரைக்கும் தங்கிடுது. கேமரா வச்சுப் பாத்துடலாமா?"

"வச்சுக்கோ, என்னத்த வேணா வச்சுக்கோ" என்றேன். குரல் நன்றாக இல்லை. பாவம், அவள் மேல் ஏன் எரிந்து விழுந்தேன்? போகும்போது ஆரஞ்சுப் பழம் ஒரு பை கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 20

கேமராவில் இருந்ததை ஹோஷினா போட்டுக் காட்டினாள்.

வெளிச்சம் வந்ததும் மீன்கள் கூட்டமாக வந்தன. தட்டையான, பழுப்புப் புள்ளி போட்ட மீன். ஆடு மேய்கிற மாதிரி வரிசையாக மேய்ந்தன. பாறை இடுக்குகளில் தப்பியிருந்த கொஞ்ச கஜிமேயிலும் பாதி அரைமணியில் காலி.

ஓரா மீன்.

முதுகில் விஷமுள், வயிற்றில் நாற்றம், சந்தையில் சீந்த ஆளில்லாத ஓரா. இதுதானா? இந்தச் சனியனா எங்கள் மூன்று வருடத்தைத் தின்றது?

அக்டோபர் 21

இதை எப்படி எழுதுவது.

சோறு சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன். "இன்னிக்கு வலையில என்ன?"

"கானாங்கெளுத்தி கொஞ்சம். மத்ததெல்லாம் ஓரா. பாதி வலை அதுதான்."

"அத என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? உயிரோட இருந்துச்சு, விட்டுட்டோம்."

"எங்க?"

"எங்கன்னா? வலை இருக்கற எடத்துலதான்."

வலை இருக்கிற இடம் குரோசே வாய். குடாவுக்குள் நுழைகிற இடமே அதுதான்.

வேண்டாத மீனைக் கொல்லாமல் விடுவது எங்கள் ஊர் வலைக்காரர்களுக்குப் பெருமை. மற்ற ஊரில் கரையில் எறிவார்கள், காக்கை தின்னும். இவர்கள் கைநிறைய அள்ளி, படகு விளிம்பில் குனிந்து, தண்ணீரில் நழுவவிட்டு "வளர்ந்து வா" என்று சொல்லி அனுப்புவார்கள். கல்யாணமான புதிதில் இவர் அப்படிச் சொன்னதைக் கேட்டுத்தான் இந்த மனுஷனோடு காலம் தள்ளலாம் என்று எனக்குத் தைரியமே வந்தது.

தினமும் காலையில அள்ளி அள்ளி விட்டிருக்காரு. ஆசீர்வாதம் வேற. அதுங்களும் வளந்து வந்து என் காட்டத் தின்னுருக்குதுங்க.

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. இவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எப்படிடி தெரியும்?" என்றார். அது நிஜம்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

அக்டோபர் 23

இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. இன்று அவரே வாயைத் திறந்தார். "கொன்னு எறியச் சொல்றியா? சும்மா ஒரு உசிர எடுக்கறது பாவம்."

"எறிய வேணாங்க. தின்னுவோம்."

"ஓராவையா?" முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அக்டோபர் 24

படகுத்துறையில் மூத்தார் தெருமாசாவைப் பிடித்தேன். வலையும் படகும் அவருடையது, இவர் தம்பி மட்டுமில்லை, அவரிடம் வேலைக்காரரும். குடாவில் சுவர் வேண்டும் என்று கேட்பவர்களில் மூத்தாரும் ஒருவர்.

"அத்தான், இனிமே ஓராவக் கடல்ல விடாதீங்க."

"பெட்டியில போட்டா பக்கத்து மீனும் நாறும். சந்தையில என் பேரும் சேந்து நாறும்."

"பிடிச்ச கையோட குடலை எடுத்துட்டா நாறாது."

"யாரு எடுக்கறது? முள்ளு குத்துனா கை மத்தளமா வீங்கும். எனக்கு இருக்கறதே நாலு ஆளு."

"நாங்க வர்றோம். நானும் ஹருனோக்காவும்."

"படகுலயா?"

"பின்ன, நீந்தியா வருவோம்?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததை எல்லாம் நான் சரி என்றே எடுத்துக்கொள்கிறவள்.

அக்டோபர் 27

விடியுமுன் படகில் ஏறினோம். நிலைவலை இழுக்கிற படகில் பெண்கள் ஏறி நான் பார்த்ததில்லை. பையன்கள் இடம் விட்டு ஒதுங்கினார்கள். அக்கா தான் உட்காருகிற சின்ன மெத்தையைக் கொண்டுவந்து பின்பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எங்களப் பாக்காதீங்கடா, வலையப் பாருங்க" என்று அதட்டல் வேறு.

பழக்க தோஷம், இவர் முதல் அள்ளலைத் தண்ணீருக்குத்தான் கொண்டுபோனார். குனிந்தும்விட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் வாளியில் கொட்டினார்.

கத்தரியால் முள்ளை நறுக்கி முதல் மீனின் வயிற்றைக் கிழித்தேன். உள்ளே முழுக்கப் பழுப்பு இலை. சின்னச் சின்னதாகக் கத்தரித்த கஜிமே. என் கஜிமே.

எழுந்து போய் மூத்தாரின் உள்ளங்கையில் அந்தக் குடலை வைத்தேன். விரலால் பிரித்துப் பார்த்தார். எல்லாரும் வந்து பார்த்தார்கள். இவர் மட்டும் வரவில்லை, கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார். தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். கை முழுக்க மீன் இரத்தம். வைக்கவில்லை.

நவம்பர் 2

ஓரா முள் குத்திவிட்டது. வலது கை. சுடுதண்ணீரில் முக்கியபடி இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

நவம்பர் 6

உப்புப் போட்டுச் சுட்டேன். நாறவில்லை. நிஜமாகவே நாறவில்லை, சதை வெள்ளையாக, கொழுப்போடு. இவர் முதலில் மோந்து பார்த்தார். ஒரு துண்டு எடுத்தார். பிறகு பேச்சில்லை, முள்தான் மிச்சம்.

"நல்லா இருக்கா?"

"பசி" என்றார். இந்த ஜென்மத்தில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

நவம்பர் 15

மறுபடி விதைப்பை. பக்கத்து ஊரில் போய்த் திரும்பவும் கேட்டேன். "போன வருஷம் குடுத்தது என்னாச்சு?" என்றார்கள். மீன் தின்றுவிட்டது என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், இலை கொடுத்தார்கள் அல்லவா.

படகை இவரே ஓட்டி வந்தார். நான் சொல்லவில்லை. பைகளை ஒவ்வொன்றாக நானும் அக்காவும் கட்டிக்கொடுக்க, இவர் இறக்கினார். கடைசிப் பையை விடும்போது விளிம்பில் குனிந்து, "வளர்ந்து வா" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. காது மடல் சிவந்துவிட்டது. அக்கா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கத் தண்ணீரில் குதித்துவிட்டேன்.

டிசம்பர் 3

ஓரா மலைபோல் சேருகிறது. எங்கள் வீடு, அக்கா வீடு, தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று. என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். மூத்தார், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்கிறார். இப்படியே போனால் மறுபடி கடலில் விட ஆரம்பித்துவிடுவார்கள்.

யோசித்து யோசித்துக் கடைசியில் போகக் கூடாத இடத்துக்கே போனேன். விடுதியின் பின்வாசல். சுமியே ரப்பர் கையுறையோடு வந்தாள்.

"என்ன?"

"மீன். குடல் எடுத்து ஒரு நாள் காத்துல காயவச்சது. சமையல்காரர்ட்ட குடு. பிடிக்கலன்னா கொட்டிடு."

"என்ன மீன்?"

"தின்னுட்டுச் சொல்லச் சொல்லு."

பெட்டியைத் திறந்தாள், மூடினாள். "ஓராவா? கிறுக்கு பிடிச்சிருச்சாடி உனக்கு?" ஆனால் பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

டிசம்பர் 7

சுமியே போன் பண்ணினாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. காலை உணவுக்கு வைத்தார்களாம். இன்னும் கொண்டுவரச் சொன்னார்களாம். "இன்னும் ரெண்டு பெட்டி" என்றாள், வைத்துவிட்டாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. போகட்டும்.

ஜனவரி 29

தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கிறது. நல்லது, ஓரா ஒடுங்கிவிடும்.

பாறையில் முளை. நகக்கண் அளவு. முகத்தைப் பாறையில் ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மேலே வந்து அக்காவிடம் சொன்னேன். "ரொம்ப ஆடாத, போன வருஷமும் மொளச்சுது" என்றாள். அவள் கண் சிரித்தது எனக்குத் தெரியாதா?

மார்ச் 14

கூட்டம்.

காட்ட என்ன இருக்கிறது என் கையில்? விரல் நீள முளைகள். படம் எடுத்துப் போனேன். கையிலிருந்து கைக்குப் போயிற்று. "இது பாசியா, மீசையா?" என்று ஒருவன். இன்னொருவர் பொறுமையாகச் சொன்னார்: "புயல் அடிச்சா படகுங்களுக்கு ஒதுங்க எடமில்ல. மூணு வருஷம் கேட்டீங்க, குடுத்தோம். கடல் என்ன தோட்டமா, நட்டு வளக்க?"

"சுவர் கட்டினா அதுல என்ன மொளைக்கும், உன் பல்லா?" என்றாள் அக்கா.

நான் எழுந்தேன். போன இலையுதிர் காலத்தில் தின்றது ஓரா என்று சொன்னேன். இந்த முளை இலையுதிர் காலத்தைத் தாண்டினால் காடு, தாண்டாவிட்டால் நானே வந்து சுவருக்குக் கல் சுமக்கிறேன் என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

மூத்தார் தொண்டையைச் செருமினார்.

"விட்டது எங்க கை. நல்லதுன்னு நெனச்சு விட்டோம். நவம்பர் வரைக்கும் குடுங்க. ஓராவ நான் பாத்துக்கறேன். நவம்பர்ல எல்லாரும் போய், அடியில கண்ணாடி வச்ச பெட்டியத் தண்ணியில வச்சுக் குனிஞ்சு பாப்போம். ஒண்ணுமில்லன்னா மொதல் கல்லு நான் போடறேன்."

சுவர் கேட்டவர்களில் அவரும் ஒருவர். கைகள் மெதுவாக ஏறின. நவம்பர் வரை கிடைத்தது.

ஏப்ரல் 30

ஒரு சாண்.

ஜூன் 18

மழை. முள்ளெலி. மழை. முள்ளெலி.

ஆகஸ்ட் 25

முழங்கால் தாண்டிவிட்டது. பார்க்கப் பயமாக இருக்கிறது. போன வருடமும் இப்படித்தான் நின்றது.

செப்டம்பர் 12

மூத்தார் குடா வாயில் தனியாக ஒரு வலை கட்டியிருக்கிறார். ஓராவுக்கென்றே. விடுதி கேட்கிறதாம், அதனால்தானாம். என்னைப் பார்த்துச் சொல்லும்போது வேறு எங்கோ பார்த்தார். நானும் "ஆமாமா, விடுதி கேக்குதில்ல" என்றேன். குடல் எடுக்க இப்போது பையன்களும் உட்காருகிறார்கள். அக்காவின் மெத்தைக்குப் போட்டி.

அக்டோபர் 8

போன வருடம் இதே நேரம். இரண்டு நாளாக அலை. இறங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை. இவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "நேத்து வலையில ஓரா ஏகப்பட்டது. ஒண்ணுகூட விடல" என்றார். கேட்காமலே சொன்னார்.

அக்டோபர் 11

இறங்கினோம். குடா வாயை ஒட்டின விளிம்பில் கொஞ்சம் கடி. உள்ளே நிற்கிறது. இலையோடு நிற்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

எழுத வேறொன்றும் இல்லை. நிற்கிறது.

நவம்பர் 16

சங்கத்துக்காரர்கள் ஐந்து படகில் வந்தார்கள். மீசை என்று சொன்னவனும் வந்திருந்தான். மூத்தார்தான் முதலில் கண்ணாடிப் பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி முகத்தைப் புதைத்தார். ரொம்ப நேரம் எழவேயில்லை.

"என்ன அத்தான்?"

"தரையே தெரியலையே" என்றார்.

பெட்டி படகு படகாகப் போயிற்று. சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. வரைபடத்தைச் சங்கத்துச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று இவர் வந்து சொன்னார். கஜிமேவுக்கு நடுவில் நிறையக் குஞ்சுச் சிப்பிகளைப் பார்த்ததாக ஹோஷினா சொன்னாள். வருகிற வசந்தத்தில் குடாவின் ஒரு பக்கத்தை மட்டும் திறக்கலாம், அளவோடு. சங்கம் ஒப்புக்கொண்டது.

அதைச் சுமியேவிடம் யார் சொல்வது? நான் போய்ச் சொன்னால், பார்த்தியா என்று குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும். போகவில்லை.

நவம்பர் 19

மிசோ சூப்புக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசற்படியில் வெங்காயத்தாள். செய்தித்தாளில் சுற்றினது. ஒரு பிடி, இரண்டு பிடி இல்லை. இரண்டு குடும்பம் ஒரு மாதம் தின்னலாம். வேரோடு, ஈரமண்ணோடு, ஒன்றுகூட விடாமல் பிடுங்கினது.

"யாரு இவ்வளவு?" என்றார் இவர்.

அந்த மிதவைத் தொட்டி இப்போது காலியாகத்தான் இருக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக மண்ணைத் தட்டிக் கழுவினேன்.

நாளை தீக்குடிலுக்கு விறகு கொஞ்சம் கூடுதலாக எடுத்துப்போக வேண்டும். சுமியே எப்போதும் குளிர் தாங்கமாட்டாள்.